மூன்று டாக்டருக்கு ஒரே பலகை

கோகிலா போன வாரம் என் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டு, "ஆன்ட்டி, இதுக்குப் பேய் புடிச்சிருச்சு லா" என்றாள். உங்களோடு இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த அதே கோகிலாதான். உங்கள் ஆபீசிலிருந்து நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். எண்பது தாண்டியவளிடம் கேட்டால் என்ன கிடைக்கும், முட்டிவலிக் கதைதான் கிடைக்கும் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். கோகிலாவின் பேய் வந்து என்னை மாட்டிவிட்டது.

அவள் எழுதியது ஒரு கிளினிக்குக்கான கம்ப்யூட்டர் நிரல். பட்டியலில் உள்ள நோயாளிகளை ஒவ்வொருவராக எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனை, அதாவது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, செய்து வைக்க வேண்டும். மறுநாள் காலை அந்த ஃபங்ஷன்கள் எழுந்து, அவரவருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். சோதனைக்காகப் பட்டியலின் கடைசியில் உங்கள் மேலாளரின் எண்ணைச் சேர்த்திருக்கிறாள். காலையில் எல்லா ஃபங்ஷனும் ஒழுங்காக எழுந்தன. எழுந்து, எல்லாமே மேலாளருக்கே செய்தி அனுப்பின. கண் பரிசோதனைக்கு வா, காது கழுவ வா, ஆறாம் மாத ஸ்கேனுக்கு வா என்று அந்த மனிதருக்கு அழைப்பு வந்தபடி இருந்ததாம்.

"அப்புறம் ஒரு ஃப்ரெண்டு சொன்னான், ஒரு வார்த்தைய மாத்துன்னு. மாத்துனேன், சரியாயிருச்சு. ஆனா ஏன் சரியாச்சுன்னு தெரியலெ."

ஏன் என்று தெரியாமல் சரியானது, இன்னொரு நாள் ஏன் என்று தெரியாமல் கெட்டுப்போகும். அதை அவளிடம் சொன்னேன். பிறகு மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில் ஒரு தீபாவளியைப் பற்றிச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டால் இந்தக் கிழவி பலகாரத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்பது போலத்தான் முதலில் பார்த்தாள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த பிறகு வந்த இரண்டாவது தீபாவளி அது. எனக்குப் பள்ளி முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. காஜா பெராங்கில் மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கிளினிக்கில் டெலிபோன் ஸ்விட்ச்போர்டு பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. பெரிய டாக்டர் எல்லா வியாதிக்கும் பார்ப்பார். லேடி டாக்டர் பிரசவம். மூன்றாமவர் பல் டாக்டர். பின்பக்கம் கட்டில்கள் போட்ட ஒரு பிரசவ அறை உண்டு. அதை ஆண்டவர் ஒரு மிஸ்ஸி. எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாவின் பெயரை நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கும் தைரியம் வந்ததில்லை.

டாக்டர்கள் வெளியே போனால் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது போர்டில் இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. வெளியே போகிற டாக்டர் பலகையைத் துடைத்து, தான் போகிற வீட்டின் பெயரையும் போன் நம்பரையும் தானே எழுதிவிட்டுப் போவார். டாக்டரே போன் பண்ணி இடம் மாறியதைச் சொன்னால் தவிர, நாங்கள் பலகையைத் தொடக் கூடாது. டாக்டரின் பெயரை அதில் எழுதுவதில்லை, ஏனென்றால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் வெளியே போவது அங்கே வழக்கம். டாக்டர் கிளம்பியதும் போர்டில் அவருடைய அறை லைனைச் செருகும் துளைக்கு மேலே நாங்கள் ஒரு சீட்டைச் செருகுவோம். சீட்டில் இருப்பது இரண்டே வார்த்தை: "பலகை பார்." இந்த ஏற்பாட்டைச் செய்தவர் தலைமைக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குப் பெரியவர். தன் ஏற்பாட்டில் அவருக்கு ஏகப் பெருமை. ஒரு பலகை, ஒரு இடம், குழப்பமே வராது என்பார். வருஷம் முழுவதும் வரவும் இல்லை.

தீபாவளியன்று எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் வீடு வீடாகப் போய்த் தின்றுகொண்டிருப்பார்கள். அன்று கிளினிக்கில் வெளிநோயாளிகள் கிடையாது. மூன்று டாக்டர்களும் வீடுகளுக்குப் போக வேண்டியவர்கள். அவசரம் என்றால் கூப்பிடுவதற்கு மிஸ்ஸியும் போர்டும் மட்டும் இருக்கும். காலை முறைக்கு மீனாச்சி, மதியத்துக்கு நான். மீனாச்சி அங்கேயே பக்கத்தில் இருக்கும் சிட்டிக் கம்போங்கில், பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சத்தாரின் குடியிருப்பில், பிறந்தவள். தமிழ் அவளுக்குப் பூ, பொட்டு, சாமி என்ற அளவில்தான் வரும், வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். அவர்கள் முன்னோருக்குப் படைப்பதெல்லாம் தீபாவளிக்கு முந்தின நாளே முடிந்துவிடும். எங்கள் வீட்டிலோ அன்று காலைதான் எண்ணெய்க் குளியல், படையல், அம்மாவின் கத்தல் எல்லாம். அதனால் அவள் காலையை எடுத்துக்கொண்டாள். இருவருக்கும் வசதியாக இருந்தது.

மதியம் நான் புதுப்பாவாடை சரசரக்கப் போய் நின்றபோது, அவள் கைப்பையை மாட்டிக்கொண்டே, மூன்று டாக்டரும் வெளியே, எல்லாம் பலகையில் இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு ஓடினாள். பார்த்தேன். மூன்று துளைக்கு மேலும் மூன்று சீட்டு. மூன்றிலும் "பலகை பார்." பலகையில் ஒரே ஒரு வீடு, செட்டியார் வீடு. மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க அன்று எல்லா நியாயமும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். தலைப் பிரசவம். புருஷன் ரோட்டு வேலை செய்கிறவர். தீபாவளிச் சட்டை போட்டிருந்தார், பொத்தான்கள் மாறிப்போய் இருந்தன. மிஸ்ஸி அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். உடனே திரும்பி என்னிடம் வந்தார்.

"புள்ள குறுக்க கெடக்குது. திருப்பத் தெரிஞ்ச கை வேணும். லேடி டாக்டரக் கூப்பிடு."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு...?"

"இப்ப அவள எங்கயும் தூக்கக் கூடாது. நீ கூப்பிடு."

செட்டியார் வீட்டுக்குக் கூப்பிட்டேன். லேடி டாக்டர் அங்கே வரவே இல்லை என்றார்கள். பெரிய டாக்டர்? அவரும் இல்லை. பிறகு யார்தான் இருக்கிறார் என்று கேட்டேன். பல் டாக்டர் போனுக்கு வந்தார். வாயில் முறுக்கு இருந்தது, சத்தத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. காலையில் லேடி டாக்டர் முதலில் போயிருக்கிறார், தன் இடத்தை எழுதியிருக்கிறார். பெரிய டாக்டர் போகும்போது அதைத் துடைத்துத் தன் இடத்தை எழுதியிருக்கிறார். கடைசியாகப் பல் டாக்டர் அதையும் துடைத்திருக்கிறார். சீட்டுகள் மூன்றும் போட்டது போட்டபடி இருக்கின்றன. மூன்றும் பலகையைக் காட்டுகின்றன. பலகைக்குத் தெரிந்தது பல் டாக்டர் ஒருவரைத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இங்கேதான் இருக்கிறது. பதற்றத்தில் என் கை தானாக டெலிபோன் டைரக்டரியை எடுத்துவிட்டது. ஊரில் போன் உள்ள வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டுவிடலாம் என்று. பதற்றம் எப்போதும் அப்படித்தான், நம்மை ஏதாவது செய்யச் சொல்லும். எதைச் செய்கிறோம் என்பது அதற்கு முக்கியமில்லை. நீங்களும் நிரல் கெட்டுப்போனால் கண்ட வரியையெல்லாம் மாற்றிப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். அப்போது அந்தப் புருஷன் என் போர்டுக்கு எதிரே வந்து நின்று, மெதுவாகத்தான் கேட்டார்:

"ஏந்தங்கச்சி, டாக்டரம்மா எங்க இருக்காங்கன்னு யாருக்குமே தெரியாதா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் நானும் நிஜமாக யோசிக்க வேண்டியதாயிற்று. யாருக்குமே தெரியாது என்பது உண்மையா? இல்லை. லேடி டாக்டர் எழுதும்போது போர்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் போகிறவர் இல்லை அந்த டாக்டர்.

"தெரியும்ணே. தெரிஞ்சவ வீட்டுக்குப் போயிட்டா."

டைரக்டரியை மூடினேன். மீனாச்சி வீட்டில் போன் கிடையாது. போர்டை விட்டு நான் எழுந்து போக முடியாது. பெரிய டாக்டரே கூப்பிடலாம், யாராவது கூப்பிடலாம். ஆனால் செட்டியார் வீட்டிலிருந்து சிட்டிக் கம்போங் இரண்டு சந்துதான். அந்த வீட்டில், வேட்டியும் முறுக்குமாக, இன்னும் போனைக் காதில் வைத்தபடி ஒரு டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்கதான் போவணும். மீனாச்சி வீட்டுக்கு ஓடுங்க. காலையில லேடி டாக்டர் எந்த வூட்ட எழுதுனாங்கன்னு கேட்டு, இங்க கூப்பிட்டுச் சொல்லுங்க."

"நானா? நான் துடைச்சப்ப பழசு ஏதோ கெடக்குதுன்னுல்ல நெனச்சேன்..."

"டாக்டர், ஓடுங்க!"

பத்தொன்பது வயதுப் பெண் ஒரு டாக்டரை அப்படி அதட்டியது காஜா பெராங்கில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். மனிதர் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே பல் டாக்டர் ஓடியதைச் செட்டியார் வீட்டுக்காரர்கள் பிற்பாடு வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மெஷின்கள் முன்னால் காத்திருந்திருக்கிறேன், அப்படிக் காத்திருந்ததில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, பிறகு மிஸ்ஸியின் குரல். மிஸ்ஸி ஏதோ பசாரில் மீன் விலை பேசுவது போல நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். புருஷன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். போய் அதைத் துடைத்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு கரும்பலகை மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு.

போன் அடித்தது. பல் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து மீனாச்சியின் குரல்தான் முதலில் கேட்டது. செட்டியார் வீடு வரைக்கும் அவளும் கூடவே ஓடி வந்திருக்கிறாள்.

"தவுக்கே லோரி புன்யா ரூமா! டி கிளேபாங்!"

கிளேபாங்கில் லாரி முதலாளி வீடு. அந்த நம்பர் எனக்கே மனப்பாடம். கூப்பிட்டேன். லேடி டாக்டர் சாப்பாட்டுக்கு உட்காரப் போயிருந்தவர், "மிஸ்ஸிகிட்ட சொல்லு, நான் கார்ல ஏறிட்டேன்னு" என்றார். எப்படித்தான் ஓட்டிக்கொண்டு வந்தாரோ, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே உள்ளே போனார். கதவு மூடியது.

பிள்ளையின் அழுகை கேட்டபோது நான் போனில் ஒரு கடைக்காரருக்கு, டாக்டர் யாரும் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அந்த ஆள் போனில் பயந்துபோய், "பரவால்லம்மா, நாளைக்கே வரேன்" என்றார். வெட்கமில்லாமல் அழுதேன். தாய் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண்பிள்ளை. ஒரு காலில் மட்டும் செருப்போடு பல் டாக்டர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தேன்.

கை கழுவிவிட்டு வெளியே வந்த லேடி டாக்டரிடம், பலகை தப்பாகக் காட்டிவிட்டது என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், பல் டாக்டரைப் பார்த்தார்.

"தப்பா காட்டலியேம்மா. கடைசியா யார் எழுதுனாங்களோ அதச் சரியாத்தானே காட்டுது? நாமதான் மூணு பேருக்கு ஒண்ண வச்சிருக்கோம்."

கோகிலா, உன் மெஷினுக்குப் பேய் பிடிக்கவில்லை. அது சரியாகத்தான் காட்டியது. ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷனை எழுதினால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் வேரியபிள்களை, அதாவது மதிப்பை எழுதி அழித்து எழுதும் பலகைகளை, பார்க்கலாம். நான் பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய காலத்திலேயே அது உண்டு. உங்கள் மொழிகளில் இன்னொன்றும் உண்டு. வெளி ஃபங்ஷன் வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகும், உள் ஃபங்ஷன் உயிரோடு இருக்கலாம், தனக்கு வேண்டிய வெளி வேரியபிளைக் கூடவே பிடித்துவைத்துக்கொண்டு. அதற்குத்தான் குளோஷர் என்று பெயர். மீனாச்சி முறை முடிந்து போய்விட்டாள், அவள் செருகிய சீட்டு இருந்தது. ஆனால் கவனியுங்கள், சீட்டு பிடித்துவைத்திருந்தது கிளேபாங்கை அல்ல, பலகையை. உன்னுடைய ஃபங்ஷன்கள் பிடித்துவைத்திருந்ததும் நோயாளியை அல்ல, நோயாளியின் பெயர் எழுதி எழுதி அழிக்கப்பட்ட ஒரே வேரியபிளை. பட்டியலை ஒவ்வொருவராகச் சுற்றி முடித்தபோது அதில் கடைசியாக மேலாளர் உட்கார்ந்திருந்தார். காலையில் எல்லாச் சீட்டும் எழுந்து பலகையைப் பார்த்தன.

இதோடு கதையை முடித்துவிடலாம்தான், ஆனால் முடித்தால் நீங்கள் பாதிப் பாடத்தோடு போவீர்கள். மறுவாரம் கிராணி ஒரு தீர்வு கொண்டுவந்தார். பலகையே வேண்டாம், சீட்டிலேயே இடத்தை மையால் எழுதிச் செருகிவிடலாம் என்றார். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். பெரிய டாக்டர் ஒரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், போன் பண்ணி இடம் மாறியதைச் சொல்லவும் சொன்னார். சீட்டில் மை காய்ந்துபோய் இருந்தது. அடித்து எழுத இடமில்லை, போனை எடுத்தவள் மனதில் வைத்துக்கொண்டதோடு சரி. அடுத்து வந்தவள் பழைய வீட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பலகையில் இருந்த ஒரு நல்ல குணத்தை, இடம் மாறினால் மாற்றி எழுதலாம் என்பதை, நாங்கள் கோபத்தில் பலகையோடு சேர்த்துத் தூக்கி எறிந்திருந்தோம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

கடைசியில் மிஸ்ஸிதான் சொன்னார், "மூணு பேரு. மூணு பலக மாட்டு." அவ்வளவுதான். ஒவ்வொரு துளைக்கு மேலும் ஒரு சின்னப் பலகை. அவரவர் பலகையில் அவரவர் இடத்தை மாற்றிக்கொள்ளலாம், இன்னொருவர் இடம் அதை அழிக்காது. உன் நண்பன் மாற்றச் சொன்ன ஒரு வார்த்தை செய்வதும் இதுதான், கோகிலா. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக ஒரு புதுப் பலகையை மாட்டுகிறது. வார்த்தையை மறந்தாலும் பரவாயில்லை, மொழிக்கு மொழி அது மாறும். எத்தனை பேர், எத்தனை பலகை என்று கேட்பதை மறக்காதே.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் தன் நிரலை மறுபடி பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. அதே போல ஒரே பலகையை நம்பியிருந்த இன்னொரு இடத்தை அவளே கண்டுபிடித்தாள். நண்பன் சொன்ன வார்த்தை அங்கே எட்டியிருக்கவில்லை. அவசரத்துக்கு எந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தீர்மானிக்கிற இடம் அது. பிறகு, "ஆன்ட்டி, இது அப்படியே போயிருந்தா?" என்றாள். பதில் அவளுக்கே தெரியும்.

நீங்கள் மாலையில் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். போக வேண்டியதுதான், மீனாச்சியும் போனாள், அதில் தப்பே இல்லை. நீங்கள் எழுதிவைத்த சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் அங்கேயே இருக்கும், யாராவது கூப்பிடும்வரை. ஆகவே எழுந்து போகும் முன், உங்களுக்கு எதிரே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்ட ஒருவர் வந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மா எங்கே என்று யாருக்குமே தெரியாதா என்று அவர் கேட்பார். தெரிந்தவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று உங்கள் நிரல் அவருக்குச் சொல்லக் கூடாது.